கடனுக்குப் பட்டம் வேண்டாம், ஒருகொடவத்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் ஆலோசனை கேட்டிருக்கிறார். மகன் கணிதப் பிரிவில் உயர்தரம் இரண்டாம் தடவையும் எழுதிவிட்டான். பௌதிகவியலில் சீ, மற்ற இரண்டிலும் எஸ். பொறியியல் பீடத்துக்கு இந்த இஸட் புள்ளி கிட்டவும் வராது. தனியார் நிறுவனமொன்றில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வழங்கும் மென்பொருள் பொறியியல் பட்டத்துக்குச் சேர்க்கும்படி பெரியப்பா நெருக்குகிறார். முதல் தவணையை அனுப்பக் கனடாவிலிருக்கும் சித்தப்பா தயார். மிச்சத்துக்கு நகையும் வங்கிக் கடனும். பையனோ பின்னேரமானால் பக்கத்து வீட்டு ஓட்டோவின் வயரிங்கைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறான். "இவ்வளவு படிக்க வைத்துவிட்டுக் கராஜுக்கு அனுப்பினால் சொந்தக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்தப் பட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

உங்களிடம் சொல்லப்பட்டிருப்பது முதல் தவணை மட்டும். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், தவறிய பாடத்தை மீண்டும் எழுதும் கட்டணம், கடைசி வருடத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பவுணில் செலுத்தும் தொகை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2022 மார்ச்சில் 203 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. பவுணும் அதோடு சேர்ந்து ஏறியது. படிப்பின் நடுவில் இருந்த பிள்ளைகளுக்குக் கட்டணத்தின் வெளிநாட்டுப் பங்கு சில வாரங்களில் ஒன்றரை மடங்குக்கு மேல் போயிற்று. மாதச் சம்பளத்தில் ஓடும் வீடு அந்த அடியைத் தாங்காது. அதோடு, பையனுக்குக் கணினி நிரல் எழுதுவதில் ஆசை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கப்போகிறவன் அவன், பெரியப்பா இல்லை.

மூன்றாம் தடவை உயர்தரம், வேறு தனியார் பட்டங்கள் பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. மொரட்டுவையிலுள்ள ஜேர்மன் டெக் என்ற இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தை எல்லோருக்கும் தெரியும். விளம்பரம் வந்தால் விண்ணப்பியுங்கள், ஆனால் போட்டி கடுமை, அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீற்றரில், ஒருகொடவத்தையில், வாகனத்துறைக்கென்றே ஒரு அரச நிறுவனம் இருக்கிறது: வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவனம். நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் கீழ் வருவது. கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பல அதன் பெயரைக்கூடக் கேட்டிருப்பதில்லை. உங்கள் மகனைப் போல வயர், கரன்ட் என்று திரியும் பிள்ளைக்கு நான் சொல்வது வாகன மின்னியல், அதாவது ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வழி. இந்த முறை எந்தப் பாடநெறிகளுக்குச் சேர்க்கை திறந்திருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள்.

ஏன் மின்னியல்? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதற்கு முன் வந்து குவிந்த அக்குவா, பிரியஸ், வெஸல், வெகன்ஆர் போன்ற, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டுகள் எல்லாம் இப்போது வயது போன நிலையில் ஓடுகின்றன. புதிதாக வருபவற்றில் முழு மின்சார வாகனங்களும் நிறைய. எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் கொழும்பில் தாராளமாக இருக்கிறார்கள். அளந்து பார்த்துப் பழுது கண்டுபிடிப்பவர்கள் குறைவு. ஜேர்மனியில் 2003இலேயே வாகன மெக்கானிக்கையும் வாகன எலெக்ட்ரீஷியனையும் ஒரே தொழிலாகச் சேர்த்து, மூன்றரை வருடப் பயிற்சியாக்கிவிட்டார்கள்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். சார்ஜ் லைட் மங்கலாக எரிகிறது, பற்றரி அடிக்கடி இறங்குகிறது. பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஓடி ஒரு பழைய ஓல்டனேற்றர், அதாவது ஓடும்போது பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவி, வாங்கி மாற்றுவதுதான் வழமை. பயிற்சி பெற்றவன் முதலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏசி காற்றாடியையும் போட்டு, மீற்றரின் ஒரு முனையை ஓல்டனேற்றர் உடம்பிலும் மற்றதைப் பற்றரியின் மறை முனையிலும் வைப்பான். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை ஓல்டனேற்றரில் இல்லை, துருப்பிடித்த எர்த் வயரில் இருக்கிறது. கழற்றித் தேய்த்து இறுக்கினால் வேலை முடிந்தது. வாகனக்காரருக்கு ஒரு ஓல்டனேற்றர் காசு மிச்சம், அவர் அடுத்த தடவையும் இவனைத்தான் தேடி வருவார்.

ஹைபிரிட்டுக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூன்றாம் தலைமுறை பிரியஸின் பற்றரியில் மொடியூல் எனப்படும் 7.2 வோல்ட் சிறு பற்றரிகள் 28, மொத்தம் 201.6 வோல்ட். இன்வேர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்தும். ஆளைக் கொல்லப் போதுமான மின்சாரம். அதனால் ஒழுங்கு மாறக்கூடாது: வாகனத்தை நிறுத்தித் திறப்பைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ட் பற்றரியின் மறை முனையைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் றப்பர் கையுறை போட்டு, பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை இழுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பத்து நிமிடம் காத்திருப்பு, இன்வேர்ட்டரின் கப்பாசிற்றரில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்கு. அதன் பிறகும் மீற்றர் பூச்சியம் காட்டினால்தான் உயர் வோல்ட் போகும் செம்மஞ்சள் வயரில் கை வைக்கலாம். கையுறையைப் போடுமுன் வாய்ப்பக்கத்தைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். ஊசித்துளை இருந்தாலும் காற்று இறங்கிவிடும்.

இந்தப் பற்றரிகளில் என்ன பழுதாகிறது என்பதும் பையனுக்கு இப்போதே தெரியட்டும். பின் இருக்கைப் பக்கத்துக் காற்றாடியில் தூசியும் நூலும் அடைத்துப் பற்றரி சூடாகிறது. நடுவிலுள்ள மொடியூல்கள் முதலில் சோர்ந்துபோகின்றன. பற்றரி பழுது என்று காட்டும் பீ0ஏ80 குறியீடு வந்ததும், கெட்ட ஒரு மொடியூலை மட்டும் மாற்றிக் குறியீட்டை அழித்துக் கொடுக்கிறார்கள். பழைய 27உம் புதிய ஒன்றும் ஒரே அளவு கொள்ளளவில் இல்லாததால், சில மாதத்தில் இன்னொன்று போகும். முறையாகச் செய்பவன் எல்லாவற்றையும் சுமை கொடுத்து அளந்து பொருத்தமானவற்றைச் சேர்ப்பான், இணைப்புத் தகடுகளின் பச்சைக் களிம்பைச் சுத்தம் செய்வான், காற்றாடியைக் கழுவாமல் விடமாட்டான். ஏசியிலும் இப்படித்தான். மின்சாரத்தில் ஓடும் கொம்ப்ரசருக்கு மின்கடத்தாத பிஓஈ எண்ணெய் வேண்டும். சாதாரண பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு இறங்கி, வாகனம் ரெடிக்கு, அதாவது ஓடத் தயாரான நிலைக்கு, வராமல் நின்றுவிடலாம். இதையெல்லாம் விளங்கிக்கொள்ளப் பௌதிகவியல் தெரிந்த பிள்ளை வேண்டும். உங்கள் மகனுடைய சீ இங்கே வீண்போகாது.

"அப்படியானால் தெரிந்த கராஜிலேயே விட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அங்கே முதல் ஒரு வருடம் டீசலில் சாமான் கழுவுவதும் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதுமாகப் போய்விடும். அறிகுறியைப் பார்த்துச் சாமான் மாற்றப் பழகுவானே தவிர, காரணம் தேடப் பழகமாட்டான். கையில் சான்றிதழும் இராது. ஏற்கெனவே கராஜில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்கு, முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. அது வேலை தெரிந்தவர்களுக்கு, உங்கள் மகனுக்கு இன்னும் இல்லை.

என்.வி.கியூ. ஏணி ஏழு படிகள் கொண்டது. நாலாம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இரத்மலானையிலுள்ள யுனிவொடெக் பல்கலைக்கழகம் இந்த வழியால் வருகிறவர்களுக்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. ஆகவே பட்டம் என்ற கதவு மூடப்படவில்லை, அங்கே போகும்போது தொழிலும் கையில் இருக்கும் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள். மதிப்பீட்டில் மார்க் கிடையாது. வேலையைச் செய்து காட்ட வேண்டும். தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை. தவறிய பகுதியைத் திரும்பச் செய்யலாம்.

வேறு தனியார் நிலையம் எதையாவது யாராவது காட்டினால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு என்ற பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிறுவனம் பதிவாவது ஒன்று, அந்தப் பாடநெறி என்.வி.கியூ.வுக்கு அங்கீகாரம் பெறுவது வேறொன்று. அங்கீகாரம் எந்த மட்டத்துக்கு, எந்தத் திகதி வரை என்று அந்த ஆணைக்குழுவிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள். அது இல்லாமல் ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

ஒருகொடவத்தைக்கானாலும் வேறெங்கானாலும், சேருமுன் பையனையும் கூட்டிக்கொண்டு வேலைக்கூடத்தைப் பாருங்கள். ஒரு வாகனத்தைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள்? ஓடுகிற ஹைபிரிட் ஒன்றாவது இருக்கிறதா? கையுறையில் சோதனைத் திகதி இருக்கிறதா? எல்லாவற்றையும்விட, தொழிற்தளப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். வகுப்பில் படித்தது அங்கேதான் கையில் ஏறும். பழுதுக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கானரும் பழுதுபார்ப்பு ஏடும் வைத்து வேலை செய்யும் இடமா, டயர் கழற்றிக் காலம் போக்கும் இடமா என்பதில் மகனுடைய எதிர்காலம் பெரிதும் தங்கியிருக்கிறது. நாட்குறிப்பை அன்றன்று எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டின்போது செய்த வேலைக்கு அதுதான் சாட்சி.

மொழி விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. கொழும்பில் வகுப்பும் வேலைத்தளமும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும், கலைச்சொற்கள் ஆங்கிலத்தில். கொட்டாஞ்சேனைப் பிள்ளை சிங்களம் பேசுவான், வாசிப்பானா? இல்லையென்றால் சேர்க்கைக்கு முன் இருக்கும் மாதங்களில் வாசிக்கவும் எழுதவும் பழகட்டும். மதிப்பீட்டைத் தமிழில் செய்யலாமா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சித்தப்பாவுக்கு ஒரு தகவல். அவர் ஒன்டாரியோவில் இருந்தால், கார் மெக்கானிக் தொழில் அங்கே 310எஸ் என்ற கட்டாய உரிமத் தொழில் என்பதை அறிந்திருப்பார். வேலைத்தளத்தில் 6,500 மணித்தியாலமும் வகுப்பில் 720உம் முடித்துப் பரீட்சை எழுதினால்தான் உரிமம். நம் என்.வி.கியூ.வைக் காட்டி அங்கே நேரே வேலையில் இறங்க முடியாது. ஆனால் அனுபவத்தை மதிப்பிடும்போது கையெழுத்திட்ட ஏடுகளும் சேவைக் கடிதங்களும் உதவும். அவர் அனுப்ப நினைத்த முதல் தவணையில் ஒரு சிறு பங்கு போதும், பஸ் காசுக்கும் ஆங்கில வகுப்புக்கும் கருவிகளுக்கும்.

கருவி என்றதும் பையன் ஸ்கானர் கேட்பான். இப்போது வாங்கிக் கொடுக்க வேண்டாம். 1000 வோல்ட், கெட் மூன்று (CAT III என்ற பாதுகாப்பு வகை) என்று பொறித்த நல்ல மல்ட்டிமீற்றர் ஒன்று, 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்று, 8 முதல் 19 மில்லிமீற்றர் வரை சொக்கெட் செட் ஒன்று. முதல் வருடத்துக்கு இவை போதும். உயர் வோல்ட் கையுறையைப் பயிற்சி நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் சாதாரண றப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு ஹைபிரிட் பற்றரியில் அவன் கை வைக்கவே கூடாது, வீட்டிலும் சரி, பக்கத்து வீட்டிலும் சரி.