உள்ளங்கை எரிகிறது, கீமோ மாத்திரையைத் தொடரலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. மீன் விற்கிறார். குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கேபசிடாபின் மாத்திரை 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுகிறார். இரண்டாவது சுற்றில் உள்ளங்கை கறுத்து, எரிந்து, தோல் உரிகிறது. வலியில் மீன் அரிய முடியவில்லை. உடம்புச் சூடு என்று மருதாணி வைக்கிறோம். மாத்திரையைத் தொடரலாமா? - வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இன்றே புற்றுநோய் மருத்துவரிடம் பேசி, கைகளைக் காட்டுங்கள். இது சூடும் இல்லை, அலர்ஜியும் இல்லை. உள்ளங்கை, உள்ளங்கால் தோலைத் தாக்கும் ஹேண்ட் ஃபுட் சிண்ட்ரோம் என்கிற பக்கவிளைவு. வேலை செய்ய விடாத வலி வந்துவிட்டால் அது இந்தப் பக்கவிளைவின் இரண்டாம் நிலை; மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும். 'நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமோ' என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள்தான் கொப்புளம், வெடிப்பு வரை போகிறார்கள். எரிச்சல் தணிந்ததும் மருத்துவர் மறுபடி தொடங்குவார். திரும்பத் திரும்ப வந்தால் அளவைக் குறைப்பார். விட்டுப்போன மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது.

புத்தகங்களில் முதல் அறிகுறி 'சிவப்பு' என்றிருக்கும். நம் மாநிறத் தோலில் அது கருமையாகத்தான் தெரியும். அதனால் நிறத்தைப் பார்த்துக் காத்திருக்காமல், மதமதப்பும் எரிச்சலும் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். மருதாணி அந்த நிறத்தையும் மறைத்துவிடும். கோன் மருதாணியில் கலக்கும் ரசாயனம் புண்ணாக்கவும் கூடும். வேண்டாம்.

10 சதவீத யூரியா கிரீமை உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் காலை, இரவு தடவுங்கள், தேய்க்காமல் ஒற்றி. வெடித்த இடத்தில் காந்தும். அங்கே வாசலின் போதும். டெல்லி எய்ம்ஸ் ஆய்வில் 1 சதவீத டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி ஜெல்லைத் தினம் இருமுறை தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் இரண்டாம், மூன்றாம் நிலை பாதிப்பு வந்தது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம். டைக்ளோஃபெனாக் ஜெல் வருமுன் காக்கும் மருந்து. கை ஆறிய பிறகு, அடுத்த சுற்றுக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கை ஆறும்வரை மீன் அரிய வேண்டாம். அரிவாள்மனையின் அழுத்தம், உப்புத் தண்ணீர், செதில், முள் எல்லாமே வெடித்த தோலுக்குக் கேடு. ரப்பர் கையுறை போட்டாலும் உள்ளே வெப்பம் தங்கி எரிச்சல் கூடும். வெந்நீர் ஆகாது. வெயில் நேரத்தில் பாடலீஸ்வரர் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றவும் வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, சீழ் வைத்தாலோ, வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று: இந்த மாத்திரையால் சிலருக்குக் கைரேகையே மங்கிவிடும். 2008இல் சிங்கப்பூர் நோயாளி ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் இதற்காக நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். ரேஷன் கடையில் அம்மாவின் ரேகை விழாவிட்டால், காட்டுவதற்கு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.