நேபாளத்தில் கலவரச் செய்தி வரும்போது எவரெஸ்ட் அடிவார முகாம் நடையை எப்படித் திட்டமிடுவது?

மலைப்பாதையைவிட காத்மாண்டுதான் சிக்கல். 2025 செப்டம்பர் போராட்டத்தின்போது ஊரடங்கு போட்டார்கள், விமான நிலையத்தையும் மூடினார்கள். அதனால் திரும்பும் பயணச்சீட்டுக்கு முன் குறைந்தது 3 நாள் உபரியாக வையுங்கள். நடை தொடங்கும் மலையூரான லுக்லாவுக்குப் போகும் விமானம் வானிலையாலும் அடிக்கடி ரத்தாகும் என்பதால் அந்த நாட்கள் எப்படியும் வீணாகாது.

சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் ராமேச்சாப்பிலிருந்துதான் கிளம்பும். காத்மாண்டுவிலிருந்து அங்கே நாலைந்து மணி நேரச் சாலைப் பயணம். பந்த் நாளில் அடைபடுவது இந்தச் சாலைதான். பந்த் அறிவிப்பு வந்தால் முந்தைய நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

இதில் பலர் செய்யும் ஆபத்தான தவறு, இழந்த நாளை மலையில் ஈடுகட்டப் பார்ப்பது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. வழியில் வரும் நாம்சே ஊரில் (3,440 மீ) உடல் உயரத்துக்குப் பழக இரண்டு இரவு அவசியம். நாள் போதவில்லையா, அதற்கு மேலே உள்ள தெங்போச்சே ஊரோடு திரும்புங்கள். 5,364 மீட்டரில் இருக்கும் முகாம் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் உடனே இறங்க வேண்டும், இரவானாலும்.

காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு இருக்கிறதா, உள்நாட்டுக் கலவரம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். கலவரம் தொடங்கியபின் எடுத்த பாலிசி பொதுவாக அதற்கு உதவாது.

நேபாள ரூபாயை ரொக்கமாக, ஐந்து நாள் செலவுக்குக் கூடுதலாகவே கொண்டுபோங்கள். நாம்சேக்கு மேலே ஏடிஎம்மை நம்ப முடியாது. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும்.