டீசல் இன்ஜினுக்கு சிந்தெடிக் ஆயில்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணே, பத்து வருஷமா மினரல் ஆயில்தான் ஊத்துறேன். சிந்தெடிக் மாத்தினா சீல் ஒழுகும்னு சொல்றாங்களே?

பதில்: பழைய கதை தம்பி. மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தது, சிந்தெடிக் என்பது வேதிமுறையில் உருவாக்கியது. ஆரம்பகால சிந்தெடிக்கில், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் சுருங்கியது. இப்போது அதற்கென்றே எஸ்டர் மாதிரி சேர்மானங்கள் போடுகிறார்கள். உங்கள் சீல் ஏற்கெனவே வெடித்து, கசடுதான் அதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால், கசடு கரைந்ததும் ஒழுகும். அப்போது மாற்ற வேண்டியது சீலை.

கேள்வி: மாத்தி 200 கிலோமீட்டர்கூட ஓடல, டிப்ஸ்டிக்கை இழுத்தா கன்னங்கரேல்னு இருக்கு. போலி ஆயிலா சார்?

பதில்: கருத்ததை வைத்து போலி என்று சொல்ல முடியாது. பழைய ஆயிலை வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கும். புதுசைக் கருப்பாக்க அதுவே போதும். டீசல் எரியும்போது வரும் கரியை அடியில் படியவிடாமல் மிதக்க வைப்பதுதான் ஆயிலின் வேலை.

கேள்வி: அப்ப சிந்தெடிக்னா ரெண்டு மடங்கு தூரம் ஓட்டலாம்ல?

பதில்: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிந்தெடிக் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெட்டியாகாது. ஆனால் கரி சேரும் வேகத்தை அது குறைக்காது. அது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்தது. அமிலத்தை முறிக்கும் காரத்தன்மையும் ஓட ஓடத் தீரும். வண்டிக் கையேட்டில் போட்ட தூரத்தைத் தாண்டாதீர்கள். பத்து இருபது லாரி வைத்திருப்பவர் ஆயில் மாதிரியை லேபில் கொடுத்துப் பார்த்து நீட்டலாம்.

கேள்வி: பிறகு எதுக்குக் கூடுதல் காசு?

பதில்: டர்போவுக்காக, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிக்காக. சின்ன டீசல் இன்ஜினில் அதன் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஏற்றம் ஏறி வந்ததும் சாவியைத் திருப்பி அணைத்தால், அந்தச் சூட்டில் நிற்கும் ஆயில் கருகி ஒட்டும். சிந்தெடிக் அவ்வளவு எளிதில் கருகாது. இருந்தாலும் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது 15டபிள்யூ-40ஐவிட, குளிரில் இளகலாக இருக்கும் 5டபிள்யூ-40 இன்ஜினின் மேல்பகுதிக்குச் சீக்கிரம் ஏறும், அதுவும் லாபம்.

கேள்வி: பெட்ரோல் கார் ஆயில் மீந்திருக்கு, ஊத்தலாமா?

பதில்: டப்பாவில் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் தரக்குறி) எழுத்தைப் பாருங்கள். எஸ் பெட்ரோலுக்கு, சி டீசலுக்கு. ரெண்டும் இருந்தால், கையேடு கேட்கும் தரமா என்று ஒப்பிடுங்கள். எஸ் மட்டும் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: டிபிஎஃப் உள்ள கார். ஆயில் குறையாம ஏறுது!

பதில்: சந்தோஷப்படாதீர்கள், ஏறுவது டீசலாக இருக்கும். டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. அதில் சேரும் கரியை எரிக்கப் பல கார்களில் கூடுதல் டீசல் பீய்ச்சப்படுகிறது. எரியாதது பிஸ்டன் ரிங் வழியே கீழே இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். குறுந்தூரமே ஓட்டினால் இப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள். சாம்பல் குறைந்த ஆயிலாக, ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) தரமான சி3 போல கையேடு சொல்வதையே வாங்குங்கள். டிபிஎஃப்பில் கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் அங்கேயே தங்கும்.