கார்டைப் பிடுங்கலாமா, அக்கா?

பெங்களூரில் மனநலச் சிகிச்சையில் இருக்கும் தமிழர்கள் சிலர், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் வரவு செலவுக்கு மற்றவர் துணையாக, 'கூட்டாளி'யாக இருக்கிறோம். நானும் பைபோலாருக்கு, அதாவது அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு, மாத்திரை சாப்பிடுபவள்தான். சீட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதியவள் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன.

வீட்டுக்காரருக்கு பைபோலார். உற்சாகம் ஏறிவிட்டால் ராத்திரி முழுக்க ஆன்லைனில் வாங்கித் தள்ளுகிறார். கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளட்டுமா, அக்கா? (ஸ்ரீராமபுரம்)

வேண்டாம்மா. பிடுங்கினால் கடன் ஆப்புக்குப் போவார், உங்களிடம் வாயே திறக்க மாட்டார். தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டமும் ஒப்புக்கொள்கிறது.

அவர் தெளிவாக இருக்கும் நாளில் அவர் வாயாலேயே விதி வரட்டும். சம்பளக் கணக்கில் யுபிஐ கிடையாது. வாடகையும் மருந்தும் அதிலிருந்து போகும். வாராவாரம் ஒரு தொகை செலவுக் கணக்குக்கு மாறும். கார்டின் ஆன்லைன் வசதியை பேங்க் ஆப்பிலேயே அணைத்து வைக்கலாம். ஐயாயிரத்துக்கு மேல் எதை வாங்குவதானாலும் முதலில் கூட்டாளிக்கு ஒரு போன். அந்தக் கூட்டாளி "எதுக்கு வாங்குறே?" என்று கேட்கக் கூடாது. "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று கேட்க வேண்டும். மூன்று மணி நேரம் என்று பதில் வந்தால் உற்சாகம் ஏறுகிறது என்று அர்த்தம்: வாங்க நினைத்த டிவி காத்திருக்கலாம், டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட முடியாது.

கூட்டாளியிடம் பின் நம்பரைக் கொடுத்துவிட்டால் நிம்மதிதானே? (எஜிபுரா)

எனக்கே கொடுத்தாலும் வாங்க மாட்டேன் தம்பி. கூட்டாளிகளுக்குள் கைமாற்றும் கூடாது, நூறு ரூபாயானாலும். கடன் நுழைந்த இடத்தில் உண்மை பேச வராது. 2024இல் வந்த யுபிஐ சர்க்கிளில், ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் செலவு செய்ய ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்கும்படி வைக்கலாம். ஆனால் அது புருஷன் பெண்டாட்டிக்குச் சரி, நமக்கு வேண்டாம்.

கடன் ஆப்பில் எடுத்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கும் போன் வருகிறது. (விவேக் நகர்)

நேற்று எடுத்ததா? குறைந்தது ஒரு நாளாவது விலகும் அவகாசம் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அசலையும் அந்த நாள்களின் வட்டியையும் கட்டி வெளியே வந்துவிடலாம். பழையது என்றால், வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். போட்டோவைக் காட்டி மிரட்டினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. இதை அடைக்க இன்னொரு ஆப் மட்டும் வேண்டாம்.

மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு). மாற்றுத்திறனாளி சான்றிதழால் என்ன லாபம்? (அல்சூர்)

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இருந்தால், அவர் உங்களைச் சார்ந்திருக்கும் பட்சத்தில், பழைய வரி முறையில் உங்கள் வருமானத்தில் 75,000 ரூபாய் கழியும். 80 சதவீதத்துக்கு 1,25,000. நோயின் பெயருக்காக அல்ல, தன்னைப் பார்த்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை இவற்றில் உள்ள சிரமத்தையும் நோயின் காலத்தையும் வைத்து மதிப்பெண் போடுவார்கள். அன்றைக்கு மட்டும் பையனை மிடுக்காக நடந்துகொள்ளச் சொல்லாதீர்கள் ஐயா.

டிப்ரஷனில் பில்களைப் பிரிக்கவே கை வரவில்லை. (லிங்கராஜபுரம்)

பிரிக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். கூட்டாளி வீடியோ காலில் வரட்டும். முதல் நாள் கரண்ட் பில் மட்டும்: கட்டு, போனை வை. மறுவாரம் இன்னொன்று. இடையில் மனசு ரொம்பக் கனத்தால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.