ஷேகாவதிச் சுவர்களில் பழசு எது, புதுசு எது?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ராஜஸ்தான் போகிறோம். ஜெய்ப்பூர் பார்த்த பிறகு மூன்று நாள் கையில் இருக்கிறது. தெருவெல்லாம் சுவரோவியம் உள்ள ஊர்கள் அங்கே உண்டாமே, எங்கே போகலாம்? பழைய ஓவியம் எது, பின்னால் வண்ணம் பூசியது எது என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று நாளையும் ஷேகாவதி வட்டாரத்துக்கே கொடுத்துவிடுங்கள். பூந்தி நகரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அங்கே இருப்பது அரண்மனை ஓவியம். ஊரும் நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. தெருவில் நின்றபடியே பார்க்க வேண்டும் என்றால் சீகர், ஜுன்ஜுனு, சூரு மாவட்டங்கள்தான். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய்ச் சம்பாதித்த மார்வாரி வணிகர்கள் சொந்த ஊரில் ஹவேலிகளை (முற்றம் வைத்த பெரிய மாளிகைகளை)க் கட்டி, உள்ளும் புறமும் படம் எழுதவைத்தார்கள். பிர்லாக்களின் பிலானி, போத்தார்களின் ராம்கர் எல்லாம் இந்த வட்டாரம்தான்.

பழசா புதுசா என்ற கேள்விக்குச் சுவரின் பூச்சிலேயே பதில் இருக்கிறது. வெளிச்சுவர் ஓவியங்களைச் சுண்ணாம்புச் சாந்து காய்வதற்குள் எழுதி முடித்தார்கள். காவி, மஞ்சள் மண், விளக்குக் கரி, அவுரி நீலம் ஆகியவற்றை ஈரச் சாந்தின் மேல் தீட்டி, சின்னக் கரண்டியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார்கள். அப்புறம் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றி, கடைசியில் தேங்காயையும் தேய்த்தார்கள். (தேங்காய் அங்கே விளையாது, வெளியூரிலிருந்துதான் வர வேண்டும்.) ஆக, வண்ணம் சாந்தோடு சாந்தாகக் கலந்திருக்கும். கைபேசி விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பழைய பரப்பு பளிங்கு மாதிரி வழுவழுப்பாக மின்னும். கோடு கீறிய தடமும் சில இடங்களில் தெரியும். பின்னால் பூசியதில் தூரிகைத் தடம் துருத்திக்கொண்டிருக்கும், ஓரங்களில் ஏடு ஏடாக உரியும். ஆனால் அறைக்குள் இருப்பவற்றில் இந்தச் சோதனை முழுதாகச் செல்லாது. அங்கே காய்ந்த சுவரில் எழுதிய பழைய படங்களும் உண்டு, அவையும் உதிரும். அதனால் எங்கேயும் விரல் வைக்க வேண்டாம், குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வயதைக் கணிக்க இன்னும் சுலபமான வழி, படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. ரயில் இருந்தால் 1853-க்குப் பிந்தியது, விமானம் இருந்தால் 1903-க்குப் பிந்தியது. ரயிலைப் பார்த்தே இராத சிதேராக்கள் (ஓவியர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டு வரிசைக்குச் சக்கரம் மாட்டியதுபோல எழுதியிருப்பார்கள். எனக்கு ராதா கிருஷ்ணரைவிட இந்த ரயில்கள்தான் பிடிக்கும். வண்ணமும் துப்புக் கொடுக்கும். காவியே ஓங்கியிருந்தால் பெரும்பாலும் முந்தைய காலம். கண்ணைப் பறிக்கும் நீலம் ஜெர்மனியிலிருந்து வந்த ரசாயனச் சாயம், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. தெய்வங்களின் முகத்தில் நிழலும் வெளிச்சமும் காட்டியிருந்தால், ரவிவர்மா அச்சுப் படங்கள் அந்த ஊரை எட்டிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெய்ப்பூரிலிருந்து நவல்கர் கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரம் பிடிக்கும். இரண்டு இரவும் அங்கேயே தங்குங்கள். 1902-இல் கட்டிய போதார் ஹவேலி இப்போது அருங்காட்சியகம். அதன் ஓவியங்கள் புதுப்பிக்கப்பட்டுப் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்த கையோடு மொரார்கா ஹவேலிக்குப் போய்விடுங்கள். அங்கே மூலப் படங்களை மேலே பூசாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே காலையில் பார்த்தால் நான் மேலே சொன்னதெல்லாம் கண்ணுக்கே புரிந்துவிடும். மறுநாள் மண்டாவா. பன்சிதர் நேவடியா ஹவேலியின் வெளிச்சுவரில் ரைட் சகோதரர்களின் விமானமும் தொலைபேசியில் பேசும் பையனும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே ஃபதேபூர், அங்கே 1802-இல் கட்டிய ஒரு ஹவேலியை நாடின் லெ பிரான்ஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் வாங்கிச் சீரமைத்தார். மூன்றாம் நாளை ராம்கருக்கு வைத்துக்கொண்டால் போத்தார்களின் சத்ரிகளைப் பார்க்கலாம். நினைவு மண்டபங்கள்தான், அண்ணாந்து பார்த்தால் குவிமாடத்தின் உட்புறம் முழுக்க ராமாயணமும் ராசலீலையும்.

தெருவில் நடக்கும்போது தலையைத் தூக்கியே நடங்கள். கீழ்ச்சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூத்திருக்கும், மிச்சத்தைச் சுவரொட்டியும் வெள்ளையடிப்பும் தின்றிருக்கும். கூரைச் சார்புக்கு அடியில், அதைத் தாங்கும் வளைந்த கற்களுக்கு நடுவேதான் வெயிலும் மழையும் படாத படங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. வீட்டில் பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். பூட்டிய ஹவேலிகளில் பெரும்பாலும் ஒரு சௌக்கிதார் (காவலாளி) இருப்பார். கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள், கையில் ஐம்பதோ நூறோ கொடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். வெளி முற்றத்தோடு திரும்பிவிடாதீர்கள். உள் முற்றத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அது பெண்கள் புழங்கிய பகுதி.