கிமோனோ கட்டினால் போதுமா?

அன்புள்ள சார்,

ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களைப் போலப் புகைப்படம் எடுத்துப் பார்க்கிறேன். வாடகைக் கிமோனோ, காகிதக் குடை எல்லாம் வைத்துத் தோழியை வெயிலில் நிறுத்தி எடுத்தேன்; மாறுவேடப் போட்டி மாதிரி வந்திருக்கிறது. அடுத்து அந்த ஓவியர்களில் ஒருவரான ஹொகுசாயின் காற்றுக் காட்சியை எடுக்க ஆசை. எங்கே கோட்டைவிடுகிறேன்?

கே.

அன்புள்ள கே.,

அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உடையில் குறையில்லை, வெளிச்சத்தில்தான். அந்த ஓவியங்களில் மனிதர்களுக்கு நிழல் விழுவது அபூர்வம். உங்கள் தோழிக்கோ மூக்கின் கீழே கறுப்பாக ஒரு திட்டு. பின்னணியையும் மங்கலாக்கியிருக்கிறீர்கள், அச்சில் அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் ஒரே கூர்மையில் இருக்கும். மேகம் மூடிய நாளில், சற்று உயரத்திலிருந்து, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/8இல் எடுங்கள்.

நீங்கள் சொல்லும் காற்றுக் காட்சி, ஹொகுசாயின் 'சுருகா மாகாணத்து எஜிரி', 1830களின் தொடக்கத்தில் வந்தது. ஃபுஜி மலை அதில் வெறும் கோடு. கனடியப் புகைப்படக் கலைஞர் ஜெஃப் வால் 1993இல் அதை வான்கூவர் அருகே ஒரு கிரான்பெரிப் பண்ணையில் நடிகர்களை வைத்து எடுத்தார். கிமோனோவும் இல்லை, ஃபுஜியும் இல்லை. சாய்ந்த உடல்கள், பறக்கும் தொப்பி, சிதறும் தாள்கள் மட்டும் ஹொகுசாயிடமிருந்து வந்தவை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கணினியில் இணைத்து ஒன்றாக்கினார். இதைத் தில்லுமுல்லு என்பவர்கள் உண்டு. மூலமே அப்படிச் செய்ததுதானே? கோடுகளுக்கு ஒரு கட்டை, நிறங்களுக்குத் தனித்தனிக் கட்டைகள். கட்டையின் ஓரத்தில் செதுக்கிய 'கென்தோ' குறிகளில் தாளைப் பொருத்தி வைத்தால்தான் நிறம் கோட்டைத் தாண்டாது.

உங்களுக்குக் கென்தோ டிரைபாட்தான். அதை அசையாமல் பூட்டி, ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் வையுங்கள். முதலில் ஆளில்லாத நிலம், பிறகு ஒவ்வொருவராக அவரவர் இடத்தில், கடைசியில் தாள்கள். நடுவில் வெயில் எட்டிப்பார்த்தால் நிறுத்திவிடுங்கள். ஒருவருக்கு நிழல் இருந்து அடுத்தவருக்கு இல்லையென்றால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

தாள்தான் உயிரை வாங்கும். 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் கனமானது, கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும். அதைவிட மெல்லியதாக வாங்குங்கள். உதவியாளர் ஏணியில் நின்று, பெடஸ்டல் ஃபேனுக்கு முன்னால் பத்துப் பத்தாக விடட்டும். ஷட்டர் 1/500க்குக் குறையக்கூடாது. மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ 800 வரை போகவேண்டிவரும். மற்ற ஃபிரேம்களையும் அதே ஐஎஸ்ஓவில் எடுங்கள், இல்லாவிட்டால் தாள்களில் மட்டும் புள்ளி தட்டும். கேமராவுக்கு விளிம்பைக் காட்டும் தாள் வெறும் கோடாகிவிடுவதால் நிறைய வீணாகும். நல்லதாக அமைந்த ஒரு தாளையே சிறிதும் பெரிதுமாக நகலெடுத்து ஒட்டும் ஆசை வரும். வேண்டாம், ஒரே மடிப்பு திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். எந்தத் தொலைவில் பறக்கவேண்டுமோ அந்தத் தொலைவிலேயே விட்டு எடுங்கள்.

ஃபேனைப் புல் சாயும் திசைக்கே திருப்பி, நடிப்பவர்கள் மேலும் அதே பக்கத்திலிருந்து வீசவிடுங்கள். சாய்ந்து நிற்பவரின் முடியும் சட்டையும் அசையாமல் இருந்தால் நடிப்பு பல்லிளித்துவிடும். தொப்பியை நைலான் நரம்பில் தொங்கவிடுவது எளிது, ஆனால் அது ஆணியில் மாட்டியதுபோல நேராக நிற்கும். கையால் சுழற்றி எறியுங்கள்.