விசாவுக்குக் கொடுக்கும் பணமா, ஊரில் போடும் முதலா? கேள்வி பதில்

நிலம் விற்ற காசு, பாகம் பிரித்த பணம், பல வருடம் சேர்த்த சேமிப்பு என்று ஏதோ ஒரு தொகை கையில் இருக்கிறது. அதை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவதா, ஊரிலேயே வைத்துப் பிழைப்பதா என்பதைச் சுற்றித்தான் இந்த முறை வந்த கேள்விகள். கணக்கு வசதிக்காக ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். நீங்கள் போட்டுப் பார்க்கும்போது அன்றைய விலையில் போடுங்கள்.

கேள்வி (வெல்டர், ராமநாதபுரம்): வயசு 26. ஆர்க் நல்லா வரும், டிக் ஓரளவு தெரியும். இங்க நாள் கூலி 900, மாசம் 22 நாள் வேலை இருக்கும். பாகப்பிரிவினையில 3 லட்சம் வந்திருக்கு. துபாய் கம்பெனி விசா, 1,500 திர்ஹாம், ரூம் இலவசம், சாப்பாடு நம்ம செலவு, ரெண்டு வருஷம்னு சொல்லி ஏஜெண்ட் 1,60,000 கேக்குறார். போகலாமா அண்ணா?

பதில்: தம்பி, சம்பளத்தையும் கூலியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு இடத்திலும் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

அங்கே சாப்பாட்டுக்கு 400, போன், சோப்பு, முடிவெட்டு, மருந்து என்று 150. மிச்சம் 950 திர்ஹாம், அதாவது 21,850 ரூபாய். 24 மாதத்துக்கு 5,24,400. இதோடு பணிக்கொடை, அதாவது வேலையை முடித்துக் கிளம்பும்போது கம்பெனி தரும் தொகை சேரும். அமீரகச் சட்டப்படி ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். உங்கள் 1,500இல் அடிப்படை 1,000, மீதி படி என்று இருந்தால் வருடத்துக்கு 700 திர்ஹாம், இரண்டு வருடத்துக்கு 32,200 ரூபாய். மொத்தம் 5,56,600. ஏஜெண்டுக்குக் கொடுத்த 1,60,000ஐக் கழித்தால் 3,96,600.

ஊரில் மாதம் 19,800. உங்கள் சொந்தச் செலவு 8,000 என்றால் மிச்சம் 11,800, இரண்டு வருடத்துக்கு 2,83,200. அந்த 1,60,000ஐ 7 சதவீதத்தில் வங்கியில் போட்டால் வட்டி 22,400. ஆக 3,05,600.

வித்தியாசம் 91,000 ரூபாய். மாதத்துக்கு 3,800கூட இல்லை. இதற்காகத்தான் வெயிலில் இரண்டு வருடம் போய் நிற்கப் போகிறீர்கள். ஓவர்டைம் வரும் என்பார்கள். வரலாம். ஆனால் ஒப்பந்தத்தில் இத்தனை மணி நேரம் என்று எழுதாத ஓவர்டைமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்திய அரசு விதிப்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சேர்த்து 35,400. அதே வேலைக்கு நீங்கள் இவ்வளவுதான் கொடுத்தீர்கள் என்றால் வித்தியாசம் 2,15,600க்கு மேல் ஆகிறது. விசா, ஆளெடுப்புச் செலவு கம்பெனியுடையது, தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று அமீரகச் சட்டமும் சொல்கிறது. வேலை, சம்பளம், கம்பெனி எதுவும் மாறவில்லை. மாறுவது ஏஜெண்ட் பைக்குப் போகும் பணம் மட்டும்.

இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். அமீரகத்தில் தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை வைக்கலாம். அதற்குள் 14 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து உங்களை அனுப்பிவிடலாம். 1,60,000 திரும்பிவர மாதம் 21,850 வீதம் ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். ஐந்தாம் மாதம் அனுப்பிவிட்டால் 50,750 நஷ்டத்தோடு இறங்குவீர்கள். 35,400 என்றால் இரண்டாம் மாதச் சம்பளத்திலேயே போட்ட காசு கைக்கு வந்துவிடும். கொடுத்த பணம் தகுதிகாண் காலம் முடிவதற்குள் திரும்பாது என்றால் அந்த விசா வேண்டாம். எந்த வேலைக்கும் எந்த நாட்டுக்கும் இதையே அளவுகோலாக வையுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: ஏஜெண்டுக்கு எடுத்து வைத்ததில் ஒரு பகுதியை டிக் வெல்டிங்கில் போடுங்கள். பைப்பைச் சாய்த்து வைத்துச் செய்யும் 6ஜி நிலையில் சோதனை தேறிய வெல்டருக்கு இங்கே கப்பல் கட்டும் தளம், பவர் பிளாண்ட் வேலைகளிலும் கூலி கூடும், அங்கேயும் கம்பெனியே தேடி எடுக்கும். திருச்சி பெல் வளாகத்தில் இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி உண்டு. அதை முடித்துவிட்டுக் கிளம்பினால் பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

கேள்வி (இல்லத்தரசி, கடலூர்): வீட்டுக்காரர் எட்டாவது வரைதான் படிச்சிருக்கார், கொத்தனார் வேலை. "இப்ப விசிட்ல போங்க, அங்க போய் எம்ப்ளாய்மெண்டுக்கு மாத்திக்கலாம்"னு 90,000 கேக்குறாங்க. மத்தவங்க கேக்குறதவிட கம்மியாத்தான இருக்கு?

பதில்: வேண்டாம், அம்மா. பத்தாவது தேறாதவர் என்பதால் அவருடைய பாஸ்போர்ட் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையாக இருக்கும். வளைகுடாவின் ஆறு நாடுகள், மலேசியா, ஜோர்டான், ஈராக் உட்பட 18 நாடுகளுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. அது வேலை விசாவுக்குத்தான் கிடைக்கும், விசிட்டுக்குக் கிடைக்காது. விசிட்டில் அனுப்புவதே அந்த அனுமதியைத் தவிர்க்கத்தான்.

அனுமதியோடு சேர்ந்து வருவது பிரவாசி பாரதிய பீமா காப்பீடு. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். சாரத்தின் மேல் நின்று வேலை செய்பவருக்கு இது இல்லாமல் போகக் கூடாது. விசிட்டில் போனவருக்கு அங்கே லேபர் கார்டு இருக்காது, சம்பளம் வரவில்லை என்று புகார் செய்ய ஒப்பந்தம் இருக்காது. விசா முடிந்தபின் அமீரகத்தில் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். ஒரு மாதம் தாண்டினால் 1,500 திர்ஹாம், 34,500 ரூபாய். 90,000 குறைவாகத் தெரிகிறது, ஆனால் அந்தப் பணத்துக்கு ஈடாக உங்கள் கைக்கு ஒரு காகிதமும் வராது.

கேள்வி (எலக்ட்ரீஷியன், பெரம்பலூர்): கையில காசு இல்ல. 2 லட்சம் மூணு வட்டிக்குத் தர ஆள் இருக்கு. இல்லன்னா மனைவி நகை இருக்கு. எது நல்லது?

பதில்: மூன்று வட்டிக்கு 2 லட்சம் வாங்கினால் மாதம் 6,000 வட்டிக்கே போகும். மேலே வெல்டருக்குச் சொன்ன மாதிரி 21,850 மிஞ்சினாலும் அதில் கால் பங்குக்கு மேல் காலி, அசல் அப்படியே நிற்கும். வங்கியில் நகைக்கடன் ஆண்டுக்கு 9, 10 சதவீதம் என்றால் அதே தொகைக்கு மாதம் 1,500 முதல் 1,700 வரைதான். இரண்டில் ஒன்று என்றால் நகைதான். ஆனால் 2 லட்சம் கேட்கிற விசாவே தப்பு என்பது முதல் பதிலிலேயே இருக்கிறது.

நகையை வைப்பதாக இருந்தால் மீட்கும் தேதியை மனைவியும் குறித்து வைத்திருக்கட்டும். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது ஏல நோட்டீஸ் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். முடிந்தால் அவர் பெயரிலேயே அடகு வையுங்கள். புதுப்பிக்கவும் மீட்கவும் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): ஏஜெண்ட் உண்மையானவரா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: இமைக்ரேட் அரசு இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கே பெயர், விலாசம், இன்னும் செல்லுபடியாகிறதா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்று பாருங்கள். எண் சரியாக இருந்தாலும் போதாது. பணம் கேட்கிற ஆள் அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர்தானா என்று பட்டியலில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அடுத்தவர் பதிவு எண்ணைக் காட்டி வசூலிப்பது சர்வசாதாரணம். ஊருக்குள் சுற்றும் சப் ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

பணத்தை அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் போட்டு ஜிஎஸ்டி ரசீது வாங்குங்கள். தனிநபர் ஜிபே எண் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பதிவு பெற்றவர் 50 லட்சம் வரை வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார். சிறிய அளவில் நடத்துபவருக்கு அது 8 லட்சம். ஏமாற்றினால் பிடிமானம் அதுதான், ரசீது இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

அமீரகம் என்றால், அந்த நாட்டு மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கும். தமிழில் கேட்டு வாங்கி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே போனபின் போடும் ஒப்பந்தம் இதோடு ஒத்துப்போக வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் 1978 முதல் ஆள் அனுப்புகிறது. அதன் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி (லாரி டிரைவர், நாமக்கல், 48 வயது): நிலம் விற்ற 9 லட்சம் இருக்கு. சவூதியில் வீட்டு டிரைவர் வேலை, 1,500 ரியால், சாப்பாடு ரூம் அவங்களது. போகட்டுமா, 9 லட்சத்தைத் தபால் ஆபீஸில் போட்டுட்டு இங்கேயே இருக்கட்டுமா?

பதில்: ஐயா, இவை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. அந்த 9 லட்சம் நீங்கள் போனாலும் வட்டி தரும், இருந்தாலும் தரும். தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் தனி நபருக்கு உச்சவரம்பே 9 லட்சம்தான். 2023 ஏப்ரல் முதல் வட்டி 7.4 சதவீதம், மாதம் 5,550 ரூபாய். ஐந்து வருடத் திட்டம். முதல் வருடத்துக்குள் எடுக்க முடியாது, மூன்று வருடத்துக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம், அதன்பின் 1 சதவீதம் பிடிப்பார்கள். வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டால் இந்தக் கணக்கைத் தொடங்க முடியாது என்பதால் வீட்டில் இருக்கும் மனைவி பெயரில் போடுங்கள். அவசரத்துக்கு ஒரு லட்சத்தையாவது சாதாரணக் கணக்கில் விட்டுவைத்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

வேலை விஷயத்தில், சவூதியில் வீட்டு டிரைவர் பொதுத் தொழிலாளர் சட்டத்துக்குள் வரமாட்டார், வீட்டுப் பணியாளருக்கான தனி விதிதான். பணிக்கொடை நான்கு வருடம் முடிந்தபின் ஒரு மாதச் சம்பளம் மட்டும். ஒப்பந்தம் வீட்டுப் பணியாளருக்கான சவூதி அரசின் முசானத் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வெளியே, வேறு ஆளிடம் வண்டி ஓட்டினால் அது சட்டவிரோதம். யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், "ஆசாத் விசா" என்று சொல்லி விற்பதும் இதே வகைதான்.

உங்கள் வயதில் மருத்துவச் சோதனையை முதலில் யோசியுங்கள். மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால்கூட வளைகுடா நாடுகளுக்கு அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, ரத்த அழுத்தமும் சிக்கல்தான். ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் முன்பே உள்ளூரில் எக்ஸ்ரே, சர்க்கரை, பிரஷர் பார்த்துவிடுங்கள். அன்ஃபிட் ஆனபின் ஏஜெண்டிடமிருந்து முன்பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

கேள்வி (ஏசி மெக்கானிக், திண்டுக்கல் அருகே கிராமம்): 5 லட்சம் இருக்கு. சிங்கப்பூருக்கா, சொந்தக் கடைக்கா?

பதில்: உங்களுக்கு ஊர்தான் என்பேன். ஏசி வேலையில் முதல் போடும் அளவு சிறியது. வாக்யூம் பம்ப், மேனிஃபோல்ட் கேஜ், பிரேசிங் செட், நைட்ரஜன் சிலிண்டர், கழுவும் பிரஷர் பம்ப், ஏணி, டிரில் எல்லாம் ஒரு லட்சத்துக்குள் அடங்கும். ஆர்32, ஆர்410ஏ, ஆர்22 கேஸ், கெப்பாசிட்டர், செம்புக் குழாய் இருப்புக்கு 50,000. வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணத்தைத் தொடாமல் எடுத்து வையுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை போன் ஓயாது, மழைக்காலத்தில் கை காயும். முதல் வருடத்தில் கடை வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் போகாதீர்கள். இந்தத் தொழிலில் கவிழ்பவர்களைப் பெரும்பாலும் கவிழ்ப்பது அந்த அட்வான்ஸ்தான். வாடிக்கையாளர் கடைக்கு வருவதில்லை, நீங்கள்தான் அவர் வீட்டுக்குப் போகிறீர்கள்.

சொந்தக் காசு முழுவதையும் இறக்க வேண்டியதும் இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு போடலாம். கிராமப்புறத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பெண்கள் முதலானோருக்கு 35 சதவீதம் மானியம். சொந்தப் பங்கு பொதுப்பிரிவுக்கு 10, மற்றவர்களுக்கு 5 சதவீதம். மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து, கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டால் கடனில் கழியும். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் கிடைக்காது. அதனால் கருவிகளை வாங்கிவிட்டு விண்ணப்பிக்காதீர்கள், ஒப்புதல் வந்தபின் வாங்குங்கள்.

சிங்கப்பூர்தான் என்று முடிவெடுத்தால் ஐபிஏ கடிதம், அதாவது வேலை அனுமதிக்கு அந்த நாட்டு அரசு தரும் முன் ஒப்புதல் வராமல் பணம் தராதீர்கள். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். சிங்கப்பூர் ஏஜென்சி வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள அரசுக்குச் செலுத்தும் லெவி முதலாளி கட்ட வேண்டியது, உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

கேள்வி (பி.காம்., மதுரை): தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, 80,000 சம்பளம், டிக்கெட்டும் அவர்களே, பணமே கேட்கவில்லை. இதில் என்ன ஆபத்து?

பதில்: பணம் கேட்காததே இங்கே தூண்டில். 2022 முதல் இந்திய அரசு திரும்பத் திரும்ப எச்சரிக்கும் மோசடி இது. பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய், இணைய மோசடி செய்யும் முகாமில் அடைத்து வேலை வாங்குகிறார்கள். கம்போடியா, லாவோஸிலும் இதே கதைதான். போகாதீர்கள், இந்தச் செய்தியை அனுப்பியவரின் எண்ணை சைபர் கிரைம் உதவி எண் 1930இல் கொடுங்கள்.

கேள்வி (பெரம்பலூர் எலக்ட்ரீஷியனே மீண்டும்): சரிங்க, 35,400க்குள்ளயே ஒரு கம்பெனி கிடைச்சிருச்சு. கிளம்பும் முன்னாடி பணம் சம்பந்தமா என்ன செய்யணும்?

பதில்: நல்ல செய்தி. போய்ச் சேர்ந்ததும் வெளிநாட்டுச் சம்பளத்துக்கான என்ஆர்இ கணக்கு தொடங்கிச் சம்பளத்தை அதில் அனுப்புங்கள். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்காக மாற்ற வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். முதல் சம்பளம் கைக்கு வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம், அதுவரைக்கும் 800 திர்ஹாமாவது கையில் எடுத்துப் போங்கள். வீட்டுக்கும் இரண்டு மாதச் செலவு வைத்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, ஏஜெண்ட் ரசீது ஐந்தையும் நகல் எடுத்து மனைவியிடம் கொடுங்கள். காப்பீட்டில் வாரிசாக யார் பெயர் போட்டிருக்கிறது, எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துத் திருத்திவிடுங்கள்.